அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ்

எனக்கு வந்திருக்கும் வியாதியின் ஆங்கிலப் பெயர் என் வாயிலேயே ஒழுங்காக நுழையாது. யாராவது கேட்டால் முதுகெலும்பில் வாதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முதுகில் அடுக்கடுக்காக இருக்கும் எலும்புகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஆளை ஒரே கட்டையாக ஆக்கிவிடும். யாருக்கு வந்தாலும் கஷ்டம்தான். ஆனால் நான் கடலூரில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு வலது பக்கம் திரும்பி ஓட்டுகிறவரின் கையைப் பார்க்க வேண்டும், பின்னால் உறுமிக்கொண்டு வரும் பஸ்ஸையும் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லையென்றால் என் பிழைப்பு முடிந்தது.

காலையில் எழுந்து சட்டை போடவே ஒரு மணி நேரம் ஆகிற நிலை வந்த பிறகுதான் சிதம்பரத்தில் ஒரு வாத நோய் டாக்டரிடம் போனேன். மாத்திரைக்கெல்லாம் இது அடங்காது, பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்றார். விலையைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஒரு ஊசியின் விலை செம்மண்டலத்தில் நான் கொடுக்கும் வீட்டு வாடகையைவிட ஜாஸ்தி. மாதத்துக்கு அதுபோல இரண்டு. ஆறு ஊசியாகச் சேர்த்து வாங்கினால் விலை கொஞ்சம் இறங்கும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். என் மனைவி கையில் இருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக்கடைக்கு நான்தான் போனேன்.

ஊசியை வாங்கினால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்றவும் வேண்டும். குளிரிலேயே இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. வெயில் ஆகாது, வெளிச்சம் ஆகாது. பச்சைக் குழந்தையே தேவலை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பழசு. பின்பக்கம் ஒட்டி வைத்தால் தக்காளி கல்லாகிவிடும், கதவுப் பக்கம் வைத்தால் பால் திரிந்துவிடும். தவணையில் ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. எதற்கு வீண் செலவு, அக்கா வீட்டில் இருக்கட்டும் என்றேன். சொன்னது நான்தான், அதை மறுக்க மாட்டேன்.

அக்காவுக்குச் சிதம்பரத்தில் சொந்த வீடு. இரண்டு கதவு வைத்த பெரிய ஃப்ரிட்ஜ். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என் தலைக்கு எண்ணெய் வைத்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் வந்து கையெழுத்துப் போட்டது வரை அவள்தான். கல்யாணமாகிப் போன பிறகும், நான் அங்கே போனால் என் சட்டையில் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். ஊசி விஷயம் கேட்டதும், "எங்கிட்ட குடுடா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொண்டது மட்டுமில்லை. ஊசி போட ஒவ்வொரு தடவையும் நர்சுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமே என்று தானே போடக் கற்றுக்கொண்டாள். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள், சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினாள்.

ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூரில் பஸ் ஏறுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா ஊசிப் பெட்டியை வெளியே எடுத்து வைத்திருப்பாள். அதன் குளிர் அடங்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் இட்லி சாப்பிட்டு முடிப்பேன். பிறகு நான் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, "பல்லக் கடிச்சிக்கடா" என்று சொல்லி அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் ஆறு ஊசி என்னைத் திரும்ப மனுஷனாக்கியது. பீச் ரோட்டில் கியர் மாற்றத் தெரியாமல் திணறும் பெண்ணின் பக்கம் திரும்பி, பழையபடி சத்தம் போட்டேன். அந்தப் பெண் பயந்து பிரேக்கை மிதித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடன் வாங்கி இரண்டாவது தடவையும் ஆறு வாங்கினேன். அதில் இரண்டைப் போட்டிருந்தோம். நான்கு மீதி இருந்தது.

அது அக்னி நட்சத்திரம். சென்னையில் இருந்த அக்கா மகளுக்குப் பிரசவ வலி நாள் முந்தி வந்துவிட்டது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அவசரமாகக் கிளம்பிப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார்கள். நான் அடுத்த ஊசிக்குப் போனபோது அக்கா வழக்கம்போலவே பெட்டியை எடுத்து வைத்திருந்தாள். வழக்கம்போலவே இட்லி. ஊசி போடும்போது மட்டும் பல்லைக் கடிக்கச் சொல்லவில்லை. பேத்தி பிறந்த அலைச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊசி கேட்கவில்லை. அதற்கு அடுத்ததும் கேட்கவில்லை. நான்கும் போட்டு முடித்தபோது நான் பழைய இடத்துக்கே வந்திருந்தேன். சொல்லப்போனால் அதைவிட மோசம். கட்டிலிலிருந்து எழுந்திருக்க மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது. கழுத்து வலது பக்கம் பாதி தூரம்கூடப் போகவில்லை. இத்தனை காசைக் கொட்டி வாங்கிய மருந்து இப்படிப் பாதியில் கைவிட்டதே என்று மருந்தின்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் உடம்பையும் திட்டினேன்.

டாக்டரிடம் போனபோது அக்காவும் கூட வந்தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஊசிய ஃப்ரிட்ஜ்லதான வெச்சிருந்தீங்க? நடுவுல எங்கயும் சூடு படலையே?" என்று கேட்டார். என்னைக் கேட்டுவிட்டு அக்காவையும் பார்த்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அக்கா வீட்லதான் இருந்துச்சு சார். அதவிட பத்திரமான எடம் எது?" என்றேன். ரோஷமாகவே சொன்னேன். அக்கா தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

சிலருக்கு இப்படி ஆகும், உடம்பே அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடும், இனி இதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார் டாக்டர். வேறு ஒரு ஊசி இருந்தது. அதன் விலை இதைப்போல இரண்டு மடங்கு. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலி மாத்திரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனுஷன், உடனே அனுப்பவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து எல்.எல்.ஆர். விண்ணப்பம் பூர்த்தி செய்யச் சொன்னார். சம்பளம் பாதியானது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவேன். ரோடு ரோலர் திரும்புது பார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். அக்கா வாரம் தவறாமல் போன் செய்து, "எப்டிடா இருக்கு?" என்று கேட்பாள். அழுவாள். நான்தான் அவளுக்குச் சமாதானம் சொல்வேன்.

பேத்திக்குக் காதுகுத்து அக்கா வீட்டில் வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியோடு சேர்த்து உடம்பைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு அக்கா மகள் குழந்தையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னா மாமா, இவ்ளோ மோசமா இருக்கு? அந்த நாலு ஊசி வீணாப் போனதுக்கு அப்புறம் வேற வாங்கவே இல்லியா?"

"எந்த நாலு ஊசி?"

"என் பிரசவத்துக்கு வரும்போது அப்பா மெயின ஆஃப் பண்ணிட்டு வந்துட்டாரே, அதுல போச்சே. அம்மா ஊருக்குத் திரும்பினதும் எனக்குப் போன் பண்ணி என்னமா அழுதாங்க. உங்ககிட்ட சொல்லிட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லலன்னாங்களே" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அவளிடமும்தான் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா வீட்டுக்காரரின் பழக்கம் எனக்குத் தெரியாததில்லை. ஒரு நாள் வெளியூர் போனாலும் கேஸை மூடி, மெயினை அணைத்து, பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். ஃப்ரிட்ஜில் இருந்த பாலையும் மாவையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, நாற்றம் அடிக்காமல் இருக்க ஃப்ரிட்ஜ் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழ்த் தட்டில் உள்ளே தள்ளி வைத்திருந்த என் பெட்டி ஞாபகத்துக்கு வரவில்லை. மகள் வலியில் துடிக்கும்போது தம்பியின் ஊசி எப்படி ஞாபகம் வரும்? மறந்ததை நான் இன்றுவரை ஒரு குற்றமாகச் சொன்னதில்லை.

சமையற்கட்டுக்குப் போனேன். அக்கா மீதிச் சாம்பாரைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். "அந்த நாலு ஊசியும் கெட்டுப் போனதுன்னு தெரிஞ்சேதான் எனக்குப் போட்டியா?" என்று கேட்டேன்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பதில் பின்னாலிருந்து, அவள் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது.

"நாந்தான் மச்சான் சொல்ல வேணாம்னேன். சொன்னா நாலுத்துக்கும் நாம்பதான காசு கட்டணும்? பாப்பாவோட பிரசவத்துக்கே கையில இருந்தது எல்லாம் போயிடுச்சு."

நான் கேட்டிருக்க மாட்டேன். ஒரு பைசா கேட்டிருக்க மாட்டேன். போகுது விடுக்கா என்று சொல்லியிருப்பேன், எங்கேயாவது புரட்டி நான்கையும் திரும்ப வாங்கியிருப்பேன். அது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். என்னைத் தூக்கி வளர்த்தவளுக்குமா தெரியாது?

"கெட்டுப்போச்சுன்னு யாருடா கண்டா?" என்றாள் அக்கா. "வந்த ஒடனே மறுபடியும் குளுர வெச்சிட்டேன். தெளிவாத்தான் இருந்துச்சு, தண்ணி மாதிரி. மூடி பிரிக்கவே இல்லியே. உனக்கு எப்டியும் கேக்காமதான் போயிருக்கும். டாக்டரே சொன்னாரே, ஒடம்பு பழகிடும்னு."

"டாக்டர் உன்னப் பாத்துதானக்கா கேட்டாரு?"

"நீதான் முந்திக்கிட்டு சொல்லிட்டியே. நான் என்னா பண்றது?"

அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் எப்போதும் இறங்கிப் போகிறவன் நான். அன்றைக்கு என்னால் முடியவில்லை. ஒன்றில்லை இரண்டில்லை, நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய், அவள் அவித்த இட்லியைத் தின்று, நானே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே போகிறது மருந்து இல்லை என்று தெரிந்த கை என் சதையைப் பிடித்துக் குத்தியிருக்கிறது. அதை நினைத்தபோது வயிற்றில் அந்த இடம் கூசியது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த மருந்தையே திரும்ப ஆரம்பித்துப் பார்க்கலாம், கேட்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றார். பைக்கை விற்றேன். தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. மனைவி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. இந்தத் தடவை ஊசியை நானே போட்டுக்கொண்டேன்.

இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இது கேட்காமல் போனாலும் போகட்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடும். கேட்காவிட்டால் அக்கா சொன்னது நிஜமாகிவிடும். எப்படியும் கேட்காத மருந்துதான், ஃப்ரிட்ஜ் ஒன்றும் செய்யவில்லை, அவளும் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும். கழுத்து போனாலும் அக்கா மிஞ்சுவாள். இப்படி நினைக்கிறவன் முட்டாள்தான். ஆனால் நினைத்தேன்.

மூன்றாவது ஊசி போட்ட வாரம், ஒரு நாள் காலையில் குளித்துச் சட்டை போட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. நானே எழுந்து வந்திருக்கிறேன். வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். முழுசாக இல்லை. எட்டு மாதத்தில் இறுகிப்போனது இறுகிப்போனதுதான், அது இனி வராது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனாலும் திரும்பியது, வலிக்கவில்லை. மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் அந்த நிமிஷத்தில்தான் அக்காவை முழுசாக வெறுத்தேன்.

அவள் அன்றைக்கே போன் செய்தாள். காதுகுத்துக்குப் பிறகு அவள் போனை நான் எடுத்ததில்லை, அவள் மகளோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எடுத்தேன்.

"மறுபடி அதே ஊசிதான் போடறியாமே, பாப்பா சொன்னா. எப்டிடா இருக்கு? கேக்குதா?"

கேட்குது, நன்றாகக் கேட்குது, நீதான் என்னைக் கெடுத்தாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஐம்பது வயதை நெருங்கும் பொம்பளை, இருக்கிற காலமெல்லாம் இதைச் சுமக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"இல்லக்கா. அப்டியேதான் இருக்கு. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"பாத்தியா?" என்றாள். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

எட்டு மாதமாக வாரா வாரம் போனில் அழுதவள், அன்றைக்கு அழவில்லை. எனக்கு வியாதி தீரவில்லை என்று கேட்டதில் என் அக்காவுக்கு நிம்மதி.