இட்லி கட்டிய கடைசி அத்தியாயம்

1991-இல் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையை, பைண்டு பண்ணுவதற்காக வாராவாரம் கிழித்துச் சேர்த்தேன். கடைசி வாரப் பக்கங்களில், நான் படிப்பதற்குள் அக்கா அப்பாவின் ஷிப்டுக்கு இட்லி கட்டிக் கொடுத்துவிட்டாள். கொலைகாரன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்று வாலாஜாபாத் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஒரு கொலைத் தொடர் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி எபிசோடு மட்டும் பாக்கி. நான் நேற்றே முடித்துவிட்டேன்.

காதருகே குனிந்து சொன்னேன். "டாக்டர்தான் கொன்னான்."

"அடிப்பாவி! இன்னாத்துக்குடி இப்ப சொன்ன?"

"அன்னிக்கு இட்லி கட்டுனியே, அதுக்கு."

அக்கா நிதானமாகப் போனை அணைத்தாள்.

"நான் படிச்சிட்டுதான்டி கட்டுனேன். யாருன்னு சாவுற வரைக்கும் சொல்ல மாட்டேன், போ."

கிணற்றில் நகைப்பெட்டியோடு பிணம் கிடக்குமே, அந்தக் கதைதான். படித்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவளிடம் கெஞ்சுவதாக இல்லை.