லோ வோல்டேஜில் ஒரு இங்கிலீஷ் தட்டு

நேற்று மகள் சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டே போனில் ஏதோ இங்கிலீஷ் பாட்டைப் போட்டுவிட்டாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாலு நொடிகூட ஆகியிருக்காது, பேப்பரைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு எழுந்து போனேன். "இத்த எங்க புடிச்சே?" என்றேன். "எல்லாம் நெட்ல கீதுப்பா. அந்தக் காலத்து பேண்டு, அவுங்க மொதல் ஆல்பம்" என்றாள். அந்த ஆல்பத்தை வைத்துத்தான் தன் அப்பன் ஒருத்தனைக் கவிழ்த்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் நாலு திட்டு திட்டுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்கு வெயிலில் நின்று கோடு போடுகிற உத்தியோகம், அதற்கு ஒரு கழுத்துப்பட்டி வேறு. இங்கிலீஷ் கப்பல் ஒன்றின் ரேடியோ ஆபீசருக்கு நான் மாம்பழம் கொண்டுபோய்க் கொடுக்கப்போக, அவன் குஷியாகித் தன் அறையில் ஒரு புது இசைத்தட்டை ஓடவிட்டான். கிடாரும் டிரம்ஸும் எனக்குத் தெரியும். நடுவில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு வாத்தியத்தை நான் கேட்டதே இல்லை. மின்சாரத்தையே பிடித்துவந்து பாடவைத்த மாதிரி, வண்டாகச் சுற்றிச் சுற்றி ஏறியது. என் கால் தானாக ஆடியது. ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிளம்புவதற்குள் திருப்பிக் கொடு என்று சொல்லித் தட்டைக் கையில் தந்தான்.

விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தவன் சவேரி. ராயபுரம் கல்மண்டபத்தில் என் தெருக்காரன், மாதா கோயிலில் கால் ஆர்மோனியம் வாசிப்பவன். பூசையில் அவன் வாசித்தால் முழங்காலில் நிற்கிற கிழவிகள் எழுந்திருக்க மறந்துபோவார்கள். மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் அந்தச் சத்தம் போடுகிற மின்சார ஆர்கனைப் புதிதாக வாங்கி, வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் சோதனை. இதே தட்டின் முதல் பாட்டைத்தான் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். சவேரியின் அப்பாவோ, "சனிக்கெழம தேறலன்னா திங்கக்கெழம என்கூட ஐஸ் பேக்டரிக்கு வந்துரு" என்று கெடு வைத்திருந்தார்.

எனக்கு சவேரிமேல் ஒரு கறுவல் இருந்தது. அவனுக்கே தெரியாது. ஈஸ்டர் பாட்டுப் பயிற்சியில், பெண்கள் வரிசையும் நிற்கும்போது, "மாமு, உனுக்கு இன்னா மரக்காதா? சுதியே சேரல. நீ வாய மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அன்று மாலையே மறந்திருப்பான். நான் இன்னும் மறக்கவில்லை. அற்பப் புத்தி, வேறென்ன?

பிளேயர் இருந்தது என் சித்தப்பாவின் மைக் செட் கடையில். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாடகைக்குப் போய்ப்போய்த் தேய்ந்த பிளேயர். எங்கள் பக்கம் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும், பேன் இறக்கைகளை எண்ணிவிடலாம். பிளேயரும் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் சுற்றும். சித்தப்பாவிடம் அதற்கு ஒரு வித்தை உண்டு. ஆட்காட்டி விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, பாட்டு சரியான வேகத்துக்கு வரும்வரை தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கல்யாண வீட்டில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. அதை எனக்கும் பழக்கியிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் தட்டைப் போட்டேன். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பலில் துள்ளிய பாட்டு இங்கே தள்ளாடியது. வண்டாகச் சுற்றிய அந்தச் சத்தம், கப்பல் சங்கு மாதிரி இழுத்து இழுத்து அழுதது. தெரிந்த சினிமாப் பாட்டாக இருந்தால் சவேரி கப்பென்று பிடித்திருப்பான். இது அவன் கேட்டறியாத பாட்டு, பார்த்தறியாத வாத்தியம். வெள்ளைக்காரன் தொண்டையே இப்படித்தான் போல என்று நினைத்துக் கண்ணை மூடி உருகினான். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"கப்பல்ல கேட்டப்பவும் இப்டித்தான் இருந்துச்சா நைனா?"

"இப்டியேதான்" என்றேன். என் விரல் மடியிலேயே கிடந்தது.

மூன்று சாயங்காலம் இப்படிக் கேட்டான். கேட்ட சூட்டோடு கோயிலுக்கு ஓடுவான். துருத்தியைப் பாதி மிதியில் நிறுத்தி, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அமுக்கி, அந்த அழுகையை அப்படியே கொண்டுவந்துவிட்டான். பங்குச் சாமியார் வாசலில் வந்து நின்று கேட்டார். நானும் அவர் பின்னால் நின்று கடைசிவரை கேட்டேன். ஆனாலும் தட்டு மெதுவாக ஓடியதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். ஓட்டல் பேண்டின் கிடார்காரன் எண்ணிக்கை சொல்லி ஆரம்பித்தான். அவர்கள் பாதிப் பாட்டைத் தாண்டிவிட்டார்கள், சவேரி தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், அதுவும் ஒரு கட்டை இறங்கின சுருதியில். நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். வேறு நாளாக இருந்தால் சட்டென்று மாற்றிப் பிடித்திருப்பான். பயந்துபோனவனுக்கு விரல் எங்கே வரும்? "இன்னா மேன், எந்த வூட்டு சாவுக்கு வாசிக்கிறே?" என்றான் டிரம்ஸ்காரன். அதற்கு முதலில் சிரித்தது யார் தெரியுமா? நான்தான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

பஸ் ஏறி ராயபுரம் வந்தோம். இறங்கியதும் என் தோளில் கை போட்டான். "அன்னிக்கு உன்னப் போயி மரக்காதுன்னு சொன்னேன்ல. மன்னிச்சுக்க மாமு. மரக்காது எனுக்குத்தான்."

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். திரும்ப பஸ் ஏறிப் போய் ஓட்டல்காரன் காலில் விழுந்திருக்கலாம். "அத்த வுடு மாமு" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தட்டு கப்பலேறிப் போனது. திங்கட்கிழமை சவேரி ஐஸ் பேக்டரிக்குப் போனான். உப்புத் தண்ணீரும் ஐஸ் பாளமும் இரண்டே வருஷத்தில் அவன் விரல்களை மடங்காமல் செய்துவிட்டன. ஆர்மோனியத்துக்கு வேறு ஆள் வந்தான். சவேரி பூசைக்கு வந்து பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பான். நான் அவன் பக்கத்தில்தான் நிற்பேன்.

அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஐஸ் பேக்டரி இல்லை. சித்தப்பா கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் வோல்டேஜ் விழுவதும் இல்லை.

"ரொம்ப வேகமா ஓடுதும்மா" என்றேன் மகளிடம்.

"இதாம்பா கரெக்ட் ஸ்பீடு."

"கொஞ்சம் மெதுவா வையேன்."

மீன் கையைத் துடைத்துக்கொண்டு எதையோ தட்டினாள். பாட்டு மெதுவானது, ஆனால் சுருதி இறங்கவில்லை, அழுகை வரவில்லை. அதைப் போனே சரிபண்ணிவிடுமாம். சரியான பாட்டு இன்றைக்கு ஊரில் எல்லார் பையிலும் இருக்கிறது. சவேரி வாசித்த தப்பான பாட்டைக் கோயிலில் நின்று கேட்டவர்கள் இரண்டே பேர். பங்குச் சாமியார் எப்போதோ போய்விட்டார். மிச்சம் இந்த மரக்காதுதான்.