விடையில்லாத கேள்வியை வைத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியபோதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேப்பர் கடைக்கு யாரும் போன் செய்வதில்லை. சிட்லபாக்கத்திலிருந்து செண்பகம் மேடத்தின் தம்பி பேசினார். "அண்ணா, அக்கா காலைல எழுந்திரிக்கல" என்றார். டாக்டரைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது.

அதற்குள் என் கடை மாடியில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முந்தின நாள் மேடம் கொடுத்துவிட்டுப் போன ஆங்கிலத் தாளை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் படியேறிப் போய் வாசலில் நின்றேன். ஒருவரும் தலை தூக்கவில்லை. தாள் எழுதும்போது யார் வந்தாலும் நிமிரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு, பென்சில் சத்தத்தைக் கேட்டபடி, தாள் முடியும்வரை நின்றேன்.

அந்தப் பிள்ளைகள்தான் மேடத்தின் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். நான் படித்தவன் இல்லை. கீழ்க்கட்டளையில் நிலம் வைத்திருந்த குடும்பம். என் பங்குக்கு நிலம் வரவில்லை, எருமைகள் வந்தன. அவற்றை விற்று, சைக்கிளில் நோட்டுப் புத்தகம் போட்டு, தாம்பரத்தில் கடை பிடித்தவன். கூட்டிச் சொல்லிப் புகழ எனக்கு வராது. பார்த்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மேடம் ஸ்டென்சில் தாளோடு கடைக்கு வந்தார். அப்போது என்னிடம் சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. ஓட்டிக் கொடுத்த பிரதிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மங்கலானவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். கறாரான பெண்மணி என்று அப்போதே தெரிந்துகொண்டேன். போகும்போது, "மாடி சும்மாதானே இருக்கு?" என்று கேட்டார்.

"சும்மா இல்ல மேடம். பேப்பர் பண்டல் கீது."

"பண்டல் ஓரமா இருக்கட்டும். நாங்க நடுவுல உக்காந்துக்கறோம்."

இப்படித்தான் மாடி அவர் கைக்குப் போனது. அவர் வாத்தியார் இல்லை, கோச்சிங் சென்டரும் நடத்தவில்லை. வங்கி, ரயில்வே, மத்திய அரசு என்று எல்லாத் தேர்வையும் எழுதிக்கொண்டிருந்த ஆட்களில் அவரும் ஒருவர். அப்பா போனபின் தம்பியின் படிப்பும் அம்மாவின் மருந்தும் அவர் தலையில் இருந்தன. எல்லோருக்கும் இடறுவது ஆங்கிலப் பகுதிதான் என்று கண்டுகொண்டு, அதற்கு மட்டும் தாள் தயாரித்தார். ஒரு பத்தியில் நடுநடுவே சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போடுவார். நான்கு சொற்களில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிறு கதையை பி, க்யூ, ஆர், எஸ் என்று துண்டாக்கிக் கலைத்துப் போடுவார். சரியான வரிசை சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கைடுகளை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்பதால் சொந்தமாகவே கதை கட்டுவார். "அண்ணா, உங்க வீட்ல நடந்தது எதாவது சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் நொறுக்கி வைப்பார். முன்பு எங்களிடம் இருந்த எருமை ஒன்று யாரும் ஓட்டாமலேயே ஏரியில் இறங்கிக் குளித்து, மேய்ந்து, பால் கறக்கும் நேரத்துக்கு வீடு திரும்பும். அதுவும் அவர் தாளில் ஏறியது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. தவறான விடைக்கு மதிப்பெண் வெட்டும் தேர்வுகள் அவை. அதனால் ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியை விடையே இல்லாமல் வைப்பார். நான்கில் எதைப் போட்டாலும் பொருந்தாது. பிள்ளைகள் அதற்குக் கண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எழுதி முழு மதிப்பெண் எதிர்பார்த்து நிற்பவரைப் பார்த்து மேடம் சிரிப்பார். "தெரிஞ்சத எழுத எல்லாருக்கும் கை போகும். விட வேண்டியத விடறதுக்குத்தான் பழக்கம் வேணும்" என்பார்.

வயது வரம்பு முடிய இருந்த கடைசி வாய்ப்பில் மேடம் தேறினார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. போலீஸ் விசாரணை முடிந்து கடிதம் வர வேண்டியதுதான் பாக்கி. மாடியில் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தார். அந்த வாரமே பாஸ்கர் கடைக்கு வந்தார்.

பாஸ்கர் ரயில்வே யார்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டே மாடியில் படித்தவர். புதிதாக வாங்கியிருந்த ஜெராக்ஸ் மெஷினைக் காட்டி, சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"பத்து காப்பி போடுண்ணா. யாராண்டையும் சொல்லிக்காத."

"இன்னாடா இது?"

"பேங்க் எக்ஸாம் கொஸ்டின்ணா. ஒரு பக்கந்தான் குட்த்தான். மீதி சனிக்கிழமை, திருநீர்மலை மண்டபத்துல."

கொடுத்தவன் சஃபாரி சூட் போட்ட ஆள், பெயர் தெரியாது. ஈடாக, தாள் கேட்ட எல்லோருடைய அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்திருக்கிறான். பாஸானாலும் பெயிலானாலும் அவன் கேட்டதைக் கொடுக்காமல் அது திரும்பி வராது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, தாளில் என்னதான் எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். பாஸ்கர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"ஒரு எருமைண்ணா. அதுவா ஏரியில எறங்குது..."

பாஸ்கர் அண்மையில் வந்து சேர்ந்தவர். அந்தக் கதை மாடியில் ஓடிய காலம் அவருக்குத் தெரியாது. யாரோ மேடத்தின் பழைய தாள்களைப் பொறுக்கி, புதிதாக டைப் அடித்து, வரப்போகும் கேள்வித்தாள் என்று விற்றுக்கொண்டிருந்தான். அவை ஓடியது என் மெஷினில்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ்கரை அனுப்பிவிட்டு, மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேப்பர் பண்டல்மேல் உட்கார்ந்து படித்தார்.

"என்னோடதுதான் அண்ணா. இது கண்ணி. குளிச்சிட்டு மேஞ்சுதா, மேஞ்சிட்டு குளிச்சுதா, ரெண்டும் சொல்லலாம். வேணும்னே அப்படி வெச்சேன். அவன் பாருங்க, பக்கத்துல விடையும் போட்டுட்டான்."

நான் நேராகவே சொன்னேன். "பாஸ்கர மட்டும் தனியா கூப்ட்டு சொல்லிடுங்க மேடம். மத்தவங்க சமாச்சாரம் நமக்கு வேணாம். உங்க பைலு போலீஸ் ஸ்டேஷன்ல கீது. தாளு என்னுதுன்னு நீங்க வாயத் தொறந்தா, வித்ததும் நீங்கதான்னு அவன் திருப்பி உடுவான்."

"விடுவான்" என்றார்.

என் யோசனை தப்பில்லை. அதே நிலைமையில் யார் வந்து கேட்டாலும் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அவர் திருநீர்மலை பஸ்ஸுக்கு நின்றபோது, கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அன்றைக்குக் காற்றே இல்லை. மலைப்படியில் ஒன்றிரண்டு பேர்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்து மண்டபத்தின் கேட்டில் தடித்த ஆட்கள் இருவர் நின்றார்கள். மேடம் பரீட்சை அட்டையும் பென்சிலும் கையில் வைத்திருந்ததால், எழுத வந்தவர் என்று உள்ளே விட்டார்கள். என்னை நிறுத்திவிட்டார்கள். கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் உட்காருவதுபோல வரிசை வரிசையாகப் பாயில் பிள்ளைகள். மடியில் தாள். எல்லோரும் முணுமுணுத்து மனப்பாடம் செய்யும் சத்தம் வண்டுக்கூட்டம்போல வெளியே கேட்டது.

மேடம் நடுவில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க கையில இருக்கறது நான் போட்ட தாள். தாம்பரத்துல நாங்க பழகறதுக்கு எழுதினது. யாரும் அடுத்த பக்கம் திருப்ப வேண்டாம். என்ன இருக்குன்னு நான் சொல்றேன்."

சொன்னார். ஒவ்வொரு கோட்டிலும் வர வேண்டிய சொல்லை, ஒவ்வொரு கதையின் வரிசையை, கையில் தாள் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். முணுமுணுப்பு வரிசை வரிசையாக அடங்கியது. கடைசியில், "நாளைக்கு இதுல ஒண்ணும் வராது. உங்க சர்டிபிகேட்ட வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

சஃபாரிக்காரன் சத்தம் போடுவான், அடிப்பான் என்று நான் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"பேர் என்ன மேடம்?"

மேடம் இனிஷியலோடு சொன்னார். தெருவையும் சொன்னார். அவன் சிகரெட் பெட்டி அட்டையில் பொறுமையாக எழுதிக்கொண்டான். அந்தப் பொறுமையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அதற்குள் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். மணமகள் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் சர்டிபிகேட்டுகள் இருந்தன. அத்தனை பேர் மொய்த்தபோது கேட்டிலிருந்த ஆட்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாஸ்கர் தன்னுடையதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார், என்னைப் பார்க்காமலேயே.

திரும்பி வரும்போது பல்லாவரத்தில் மேடம், "அண்ணா, அந்த எருமையை இனிமே மாத்திடணும். பாவம், ரொம்ப அலஞ்சிடுச்சி" என்றார்.

கொஞ்ச நாளில் போலீஸுக்கு மொட்டைக் கடிதாசி போனது. கேள்வித்தாள் விற்கும் கும்பலின் தலைவியே செண்பகம்தான் என்று அவருடைய முழுப் பெயர், இனிஷியல், தெருவோடு. மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். மண்டபத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து, "நல்லவங்களாவே இருக்கலாம் சார். ஆனா எழுத்துல வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் அலுவலகத்துக்கு நடந்தார். பார்க்கிறோம் என்றார்கள். மறுபடி போனார். பார்க்கிறோம் என்றார்கள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை; கடிதமும் வரவில்லை. வேறு தேர்வு எழுத வயது முடிந்துவிட்டது.

அதன்பின் மாடியில் அவர் மட்டும் தேர்வுக்குப் போகாதவர். மற்ற நாட்களில் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்து வீட்டை ஓட்டினார், தம்பியை ஆளாக்கினார். ஞாயிறுதோறும் தாள் மட்டும் நிற்கவில்லை. பாஸ்கர் அடுத்த முறை தேறி இன்று குமாஸ்தாவாக இருக்கிறார். இன்னும் பலரும் அப்படியே. ஒன்று மட்டும் நான் கவனித்திருக்கிறேன். பழக்கமில்லாத செருப்புச் சத்தம் படியில் கேட்டால், குனிந்து எழுதும் கூட்டத்தில் மேடம் மட்டும் நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியது அந்த ஒரு விஷயத்தில்தான். வருகிறவர் யாரென்று தெரிந்த பிறகுதான் மறுபடி குனிவார். இத்தனை வருடமும் அப்படித்தான்.

காரியமெல்லாம் முடிந்து நான் கடை திறந்த அன்று ஒருவர் வந்தார். இளவயது, வெள்ளைச் சட்டை, இடுப்பில் பேஜர். அந்தப் பழைய சஃபாரிக்காரன் இல்லை. மரியாதையாகப் பேசினார். மாடி காலியென்று கேள்விப்பட்டாராம். தேர்வுக்குப் பயிற்சி நடத்தப் போகிறாராம். மேடம் கொடுத்ததைப்போலப் பல மடங்கு வாடகை, அட்வான்ஸ் தனி. வியாபாரிக்குக் காது குளிரும் பேச்சுதான். படியேறிப் போய்த் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"கனமான இரும்பு பீரோ ஒண்ணு வெக்கணும் சார். பசங்களோட ஒரிஜினல் சர்டிபிகேட்லாம் நம்மகிட்டதான் இருக்கும். தளம் தாங்குமா?"

"தாங்காது" என்றேன்.

பேப்பர் பண்டல் டன் கணக்கில் ஏற்றிய தளம் அது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார். அங்கேயும் மாடி காலியாகத்தான் இருக்கிறது.

போய் வாருங்கள் மேடம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் குனிந்து எழுதும் நேரத்துக்குப் படிக்குக் கீழே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன்.