பிலோமின் சிஸ்டர் எங்களிடம் கேட்டது

அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜோசபினிடமிருந்து போன் வந்தது. பிலோமின் சிஸ்டரின் மகள். "ஏழுமல அண்ணா, அம்மா போயிட்டாங்க. காலையில காபி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாங்க, எழுந்திரிக்கவே இல்ல" என்றாள். "சரிம்மா, வந்துடறேன்" என்றேன். மீதியிருந்த ஒயரையும் சுற்றி முடித்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டருக்கு எழுபத்திரண்டு வயது. அரசு மருத்துவமனையில் சிறுநீரக வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு, ஆண்கள் வெளியே சொல்ல வெட்கப்படும் நோய்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அப்படித்தான் பழக்கம்.

முதல் மருத்துவ முகாம் ஒரு மாதா கோயில் கூடத்தில் நடந்தது. நல்ல வேலை செய்கிறேன் என்று நினைத்துத் தெருவின் இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். சிஸ்டர் மைக்கைப் பிடித்து, "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா? சொட்டு சொட்டா வருதா?" என்று ஆரம்பித்தார். கேள்வி கடைத்தெரு வரை கேட்டது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் நானும், சோதித்துப் பார்க்க வந்திருந்த டாக்டரும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும்தான் மிச்சம். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "இது என்ன தேர்த் திருவிழாவா? கொழாய கழட்டு ஏழுமல" என்றார். அன்றிலிருந்து ஒரே ஒரு சின்னப் பெட்டிதான், அதுவும் அறையைத் தாண்டாத சத்தத்தில்.

பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பொம்பளை வந்து இதையெல்லாம் பேசுவதா என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சிஸ்டர் மணலில் உட்கார்ந்தார். தன் கணவர் லூர்துசாமியைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவரில்லை. சிறுநீரில் ரத்தம் போவதை ஒரு வருடம் மறைத்திருந்தார். சிஸ்டருக்குத் தெரியவந்தபோது புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது, காப்பாற்ற முடியவில்லை.

"நர்ஸு பொண்டாட்டியாச்சே. உங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று அதே மனிதர் கேட்டார்.

"நான் கேக்கல" என்றார் சிஸ்டர். "வார்டுல படுத்திருந்த அத்தன பேரையும் கேட்டேன். வீட்டுல இருந்தவர கேக்கல."

அன்று பதினொரு பேர் டாக்டரிடம் வந்தார்கள். அந்த மனிதரும் வந்தார்.

அந்தப் பதினொரு பேரில் நான் இல்லை. பல மாதங்களாக எனக்கும் அதே தொல்லை. ஒவ்வொரு முகாமிலும் அறிகுறிகளைச் சிஸ்டர் வரிசையாகச் சொல்லும்போது, எல்லாம் எனக்குப் பொருந்துவதைக் கேட்டுக்கொண்டே ஒலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பிள்ளைச்சாவடியிலிருந்து திரும்பும்போது வண்டியை மூன்று இடத்தில் நிறுத்தி இறங்கினேன். மூன்றாவது முறை ஏறியதும், "எத்தன நாளா?" என்று கேட்டார். சர்க்கரை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். "கடைய மூடு. கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்." திண்டிவனத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களோடு வரிசையில் நின்றோம். டாக்டர் அறைக்குள் என்னை அனுப்பிவிட்டு, தான் வெளியிலேயே இருந்துகொண்டார். அடுத்தடுத்த சோதனைகளில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. வெளியே பரவவில்லை. ஆபரேஷன் செய்தால் போதும் என்றார்கள்.

வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிஸ்டர் கூடவே வந்து உட்கார்ந்தார். சொல்லி முடித்ததும் என் மனைவி வள்ளி, "நீ ராத்திரி எத்தன வாட்டி எழுந்து போறன்னு எனக்குத் தெரியாதா? கேட்டா கோச்சிக்குவன்னுதான் வாய மூடிக்கிட்டிருந்தேன்" என்று அழுதாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கட்டுப்படாமல் கசிந்தது. அதற்கான பேடுகளைச் சிஸ்டர் ஜவுளிக்கடைப் பையில் போட்டு, துணி கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து தருவார். அவர் வீட்டு முன்னறையில் ஓர் இரும்பு அலமாரி நிறைய இப்படிப்பட்ட பொருள்கள்தான்: பேடு, சிறுநீர்ப் பை, ரப்பர் விரிப்பு. ஊரில் பலர் வாங்கிக் கொடுத்தவை. கொடுத்தவர்களில் ஒருவர், நோயாளியோடு நின்று படம் எடுத்துப் பேனர் வைக்க வேண்டும் என்றார். "குடுக்கறவருக்கு மட்டுமா மூஞ்சி இருக்குது? வாங்கறவருக்கும் இருக்குதுங்க" என்று சொல்லி, அட்டைப்பெட்டியை அப்படியே அவர் காரில் வைக்கச் சொல்லிவிட்டார். படம் இல்லாமலேயே அந்தப் பெட்டி மறுவாரம் திரும்பி வந்தது.

அவரும் தவறியிருக்கிறார். ஒரு முகாமில் ஒருவரிடம், அவருடைய மருமகன் எதிரிலேயே, சிறுநீர்த் தொல்லை உண்டா என்று கேட்டுவிட்டார். எழுந்து போன அந்த மனிதர் பிறகு எந்த மருத்துவரிடமும் போகவில்லை. சிஸ்டர் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. "கேட்டா மட்டும் போதாது, எங்க கேக்கறோம்னு பாக்கணும். எனக்கு அது லேட்டாதான் புரிஞ்சுது" என்று வண்டியில் வரும்போது சொல்லியிருக்கிறார்.

அடக்கம் முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்கெனவே ஒரு முகாம் ஏற்பாடாகியிருந்தது. தள்ளிவைக்கலாமா என்று ஜோசபினிடம் கேட்டேன். "அம்மா திட்டுவாங்கண்ணா" என்றாள். போனோம். டாக்டர் வந்துவிட்டார், பேசத்தான் ஆளில்லை. நான் எழுந்து, எனக்கு வந்ததை முதல் நாள் தொட்டு ஆபரேஷன் வரை சொன்னேன். பேடு கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு மைக் கட்டியதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை.

அவர் சொல்லி நான் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று இருந்தது. இந்த நோய் அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகம், அவனிடம் பேசு என்று பலமுறை சொல்லியிருந்தார். என் தம்பி நெய்வேலியில் இருக்கிறான். எனக்கு வந்தது என்ன நோய் என்றே அவனிடம் நான் சொன்னதில்லை, குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தேன். சிஸ்டர் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொள்ள இருந்தது இந்தக் கேட்கிற வழக்கம் மட்டும்தான். முகாம் முடிந்த மாலை அவனுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, தனியாகப் போகச் சொன்னேன். என் நோயின் பெயரைச் சொன்னேன். பிறகு, "உனக்கு ஏதாவது தொல்ல இருக்குதாடா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் தணிந்து வந்தது.

"எனக்கு இருக்குன்னு உனக்கு யாருண்ணா சொன்னாங்க?"