நோட்டீஸில் நான் எழுதிய அடையாளம்

1. கேள்வித்தாள்

முதல் நாள் கொத்மலை நீர்த்தேக்கக் கரைக்குப் போனபோது என் கையில் ஒரு கட்டுக் கேள்வித்தாள் இருந்தது. நன்னீர் மீன் ஆய்வுத் திட்டம் ஒன்றில் வெளிக்கள உதவியாளர் வேலை. டேங்க் கிளீனர் மீன் மாட்டினால் என்ன செய்கிறீர்கள் என்று தூண்டில்காரர்களிடம் கேட்டு எழுத வேண்டும். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வளர்க்கும் மீன் அது. யாரோ கொண்டுவந்து கொட்டிவிட, பெருகிப்போனது. தோல் தகடு மாதிரி இருக்கும். வலையில் சிக்கினால் வலையைத்தான் அறுக்க வேண்டும்.

ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பசாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த நசீர் நானா, "நான் திரும்ப விட்டுருவன். திங்கிறதுக்கு எண்டா அறுக்கலாம். சும்மா சாகடிச்சா பாவம்தானே?" என்றார். தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர், "கரையில வீசிருவேங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தாலும் உசுரோட கெடக்கும். காக்கா கூட தொடாது" என்றார்.

பார்வதி அக்கா கொழுந்து பறிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கறிக்காகத் தூண்டில் போடுவார்.

"கொன்னு பொதைச்சிருவேன் சார். ஆனா எல்லாருகிட்டயும் கொல்லச் சொல்லிறாதீங்க."

"ஏங்க்கா?"

"மேல எங்க ஓடையில கல்லு மீனு இருக்குல்ல, சிங்களத்துல கல் பாண்டியாம்பாங்களே. அதுக்கும் வாய் அடியிலதான். அதுவும் கல்லைத்தான் புடிச்சுக்கும். வெவரம் தெரியாதவங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுக்குவாங்க. அது நம்ம ஓடை மீனு சார்."

தாளில் அதற்கு இடம் இல்லை. 'கொல்வேன்' என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனேன். மழை இறங்குவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

2. நோட்டீஸ்

திட்டத்தின் பொறுப்பதிகாரிக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். தோட்டங்களில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் வேண்டும், சுருக்கமாக இருந்தால் போதும் என்றார். நான்தான் எழுதினேன். 'வாய் அடியில் இருக்கும். கல்லில் ஒட்டிக்கொள்ளும். கண்ட இடத்தில் பிடித்துக் கொன்று புதையுங்கள்.' படமும் போட்டோம். போட்டோகொப்பி எடுத்தபோது அது கறுப்புத் திட்டாகிவிட்டது.

எழுதும்போது பார்வதி அக்கா சொன்னது நினைவுக்கு வராமலில்லை. கல்லு மீனைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால் நோட்டீஸ் நீண்டுவிடும், ஆட்கள் குழம்புவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோயில் சுவரிலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் பஸ் நிற்கும் இடத்திலும் என் கையாலேயே ஒட்டினேன்.

3. மூன்று பக்கெட்

சில வாரம் கழித்து, பார்வதி அக்காவின் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் போன் செய்தார். "சார், ஓடையில சிரமதானம் போட்டோம். லயத்து வீட்டு ஆளுங்க எல்லாரும் சம்பளமில்லாமலே எறங்கிட்டாங்க. மூணு பக்கெட்டு. நீங்க பார்த்துட்டா பொதைச்சிருவோம்."

சந்தோஷமாகத்தான் போனேன். ஓடையை மேலே கல் வைத்து அடைத்து, பள்ளங்களில் நின்ற தண்ணீரை இறைத்துப் பிடித்திருந்தார்கள். எல்லாருடைய காலிலும் சேறு. யாரோ எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் பக்கெட்டுக்குள் கை விட்டேன். தகடு இல்லை, முள் இல்லை. வழுவழுப்பான சின்ன மீன்கள், எல்லாம் செத்துக் கிடந்தன. மூன்று பக்கெட்டையும் கிளறிப் பார்த்தேன். ஒரு டேங்க் கிளீனர்கூட இல்லை.

"எப்படி சார்?" என்றார் தலைவர்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் வேறு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பார்வதி அக்காவைப் பார்த்தேன். அவர் புடவையும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அக்கா, நீங்களுமா?"

"நானுந்தான் சார் புடிச்சேன். இது கல்லு மீனாச்சேன்னு மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தேன்ல. அதுக்கப்புறமும் நீங்க அப்படி எழுதி ஒட்டியிருக்கீங்கன்னா, எனக்குத்தான் தெரியலன்னு நெனைச்சேன்."

அன்று மாலை நோட்டீஸ்களைக் கிழித்தேன். அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். "எங்க ஆளுங்ககிட்ட இதை நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று மட்டும் அவர் கேட்டார். நானே லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் திருத்திய நோட்டீஸைக் கொண்டுபோனபோது வாங்க யாரும் கை நீட்டவில்லை. நீர்த்தேக்கத்தில் டேங்க் கிளீனர் இன்றும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஓடைப் பள்ளங்களில் கல்லைப் புரட்டிப் பார்த்தால் எப்போதாவது ஒரு கல்லு மீன் தெரியும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் பார்வதி அக்காவைக் கரையில் சந்தித்தேன். தூண்டிலில் ஒரு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. அவர் எத்தனையோ வருடமாகப் பிடித்துக் குழம்பு வைக்கிற மீன். அதை என் பக்கம் நீட்டி, "இதை வச்சுக்கலாமுங்களா சார்?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததாக்கா?"

"தெரியும்னுதான் இருந்தேன்" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். அந்த மக்கள் சொன்னதை நாம் எழுதாமல் விட்டால், நம் அறிக்கையில் ஒரு வரி குறைவதோடு அது முடிவதில்லை. தங்களுக்குத் தெரிந்ததையே அவர்கள் சந்தேகப்படத் தொடங்கிவிடுகிறார்கள். மீனைவிட அந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். என்னால் முடியவில்லை.