எந்த மொழியில் திட்டுவீர்கள்

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் சத்தம் போட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் ஒரு மாமியார் கொடுமைக் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்குப் பிடிக்காது என்பதற்காகவே பாகற்காய் வாங்குவதை நிறுத்தியவர் என் மாமியார். மாமனார் என்னை அம்மிணி என்று கூப்பிடுவதற்கு மேல் ஒரு கடும் சொல் சொன்னதில்லை. கணவர் என் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பார். தங்கமான மனிதர்கள். இந்தத் தங்கமான மனிதர்கள் எல்லோரும் சேர்ந்துதான், செத்துப் பிறந்த என் குழந்தையைப் பிறக்கவே இல்லை என்று ஆக்கினார்கள்.

எட்டாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோய், கேரளத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இருந்து எல்லை தாண்டினால் வரும் பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பெண். நர்ஸ் துண்டில் சுற்றி ஒரு தடவை காட்டினார். தலை நிறைய முடி. நான் தொடுவதற்குக் கை நீட்டும் முன்பே மாமனார் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கணவர் என் கட்டிலருகே இருந்தார். பல் முளைக்காத குழந்தையை எங்கள் பக்கம் எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். ஆண்கள்தான் போவார்கள். எந்த இடம் என்று தாயிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம், அடுத்தது தங்காதாம். இதை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வாயில் மண் விழ.

நான் வீட்டுக்கு வந்தபோது என் அம்மா தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் இல்லை. தூளி கட்ட எடுத்து வைத்திருந்த பழைய சேலையும் இல்லை. யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு மாமியார், "அதெல்லாம் எதுக்கு அம்மிணி இப்ப? நீ சாப்புடு" என்றார். என் அம்மாவும் அவருக்குத்தான் ஒத்து ஊதினாள். எழவு விசாரிக்க ஒருவரும் வரவில்லை. எங்கள் சிந்துப் பசு செத்தபோது எல்லையோரக் கோபாலபுரம் வரைக்கும் இருக்கிற ஒறம்பரை, சொந்தம் எல்லாம் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனது. என் மகளுக்கு ஓர் ஆள் கிடையாது. அதற்குப் பிறகு அந்த நாட்களை வீட்டில் "உனக்கு ஒடம்பு செரியில்லாத சமயம்" என்றுதான் சொன்னார்கள். கணவரிடம் எடுத்தால், "உடு, ஆறட்டும்" என்பார். எதை ஆறப் போடுவது? குழம்பையா?

அழுகை வரவில்லை. அழுகைக்குப் பதிலாக எல்லாவற்றின் மேலும் எரிச்சல் வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற பெண்ணுக்கு இடம் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தியிடம் போனில் எதற்கோ எரிந்து விழுந்தபோது, அவள் பதிலுக்குச் சண்டை போடாமல், ஆன்லைனில் கவுன்சலிங் கொடுக்கிற இடம் ஒன்றின் விவரத்தை அனுப்பினாள்.

எந்த மொழியில் பேச வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. தமிழை எடுத்தால் கோயமுத்தூரில் இருந்து ஓர் அம்மா வருவார் என்று காட்டியது. எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? எந்த ஊருங்க, யாரு ஊடுங்க, என்ன கூட்டமுங்க என்று குலம் கோத்திரம் கேட்டால் போதும், அந்த அம்மா என் மாமியாரின் சித்தி மகளுக்குச் சம்பந்தியாகி இருப்பார். அதனால் மலையாளத்தை எடுத்தேன். நான் பிறந்ததும் கேரளம்தான், பள்ளியில் இருந்து மலையாளத்தில்தான் படித்தேன், பேச வராதா என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் பேச முடியாது. தேங்காய்க் களத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசுவேன். வீட்டில் பி.எஸ்.சி. பரீட்சைக்கு ஆன்லைன் கோச்சிங் என்று சொல்லி வைத்தேன். கேரளத்தில் இந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், இங்கே பாதி வீடுகளில் ஒரு மருமகள் சர்க்கார் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். காருக்குள் இருந்து மலையாளம் கேட்டால் மாமியாருக்கு அது பாடம்தான். யாராவது என்னைத் தேடி வந்தால், "அம்மிணி படிக்குதுங்க, அப்பறம் வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். வகுப்பு முடியும் நேரம் பார்த்து மோர் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மோரை ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன், அவர் மேல் கோபமும் குறையாது.

கவுன்சலிங் மேடம் கண்ணூர்ப் பக்கம். என் வயதுதான் இருக்கும். பேசுகிறபோது அவர் பின்னால் ஒரு பூனை அடிக்கடி குறுக்கே போகும். எப்படி இருக்கிறீர்கள் என்பார், "குழப்பமில்ல மேடம்" என்பேன். ஒன்றும் பிரச்சினையில்லை என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வோம். பிரச்சினையே இல்லாதவள் எதற்கு வாரா வாரம் காருக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு மலையாளம் என்றால் பள்ளிக்கூடம், வில்லேஜ் ஆபீஸ், கரண்டு ஆபீஸ், ரேஷன் கடை. அந்த மொழியில் நான் எப்போதும் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். குழந்தை இறந்ததையும் அப்படியே சொன்னேன். எந்த மாதம், என்ன காரணம், டாக்டர் என்ன சொன்னார், தற்போதைய நிலை என்ன. ஒரு பிழை இல்லாமல், மனு எழுதுவதுபோல. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வயிற்றில் கையை வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு உள்ளே போவதைக் கவனியுங்கள் என்றார். இந்த வயிற்றிலா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நல்ல மாணவிபோலக் கையை வைத்து மூச்சு விட்டேன். பல மாதங்கள் இப்படியே போயின. ஆன்லைனில் மனசு ஆறும் என்று சொன்னவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட இருந்தது.

அப்புறம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு வந்தது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் மாமியாரிடம், "மருமகளுக்கு ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணுமில்லீங்க. சாமி கண்ணத் தொறக்கோணும்" என்றார் மாமியார்.

ஒண்ணுமில்லை. என் இலையில் அப்போதுதான் ஜாங்கிரி வைத்திருந்தார்கள். அதை எடுத்து அந்தப் பெரியம்மாவின் மேல் எறிந்திருந்தால் எனக்கு அன்றைக்கே பாதி குணமாகியிருக்கும். எறியவில்லை, முழுவதும் தின்றேன்.

அடுத்த நாள் காருக்குள் உட்கார்ந்து இதையும் மேடத்திடம் அழகான மலையாளத்தில் சொன்னேன். அவர் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு, "வீட்டில் கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

"தமிழில்தான்."

"அப்படியென்றால் தமிழிலேயே சொல்லுங்கள்."

"உங்களுக்குப் புரியாதே மேடம்."

"கொஞ்சம் புரியும். புரியாதது போகட்டும். எனக்குப் புரிவதற்காக நீங்கள் ஒழுங்காகப் பேச வேண்டாம்."

முதலில் சிரிப்புதான் வந்தது. வெயில் நேரத்தில், மூடிய காருக்குள், தமிழ் தெரியாத ஒருவரிடம் போய்த் தமிழில் சண்டை போடுவதா? "ஏனுங்க மேடம்" என்று தொடங்கினேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் நான் மேடத்திடம் பேசவில்லை.

"எம்பட புள்ளையை எங்கீங்க கொண்டுபோய்ப் போட்டீங்க? ஒண்ணுமில்லையாமா? எட்டு மாசம் நான் சொமந்தது என்னங்க, பூசணிக்காயா? மாடு செத்தா ஊரக் கூட்டத் தெரியுது, எம்புள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டீங்களா? நல்லா இருங்க. எல்லாரும் நல்லா இருங்க. மோரு குடுத்தாப் போதுமா, மோரு?"

அவ்வளவு ஆத்திரத்திலும் அந்தப் பாழாய்ப்போன 'ங்க' என் வாயை விட்டுப் போகவில்லை. கத்தினேன், ஸ்டியரிங்கைக் குத்தினேன், ஹாரன் அடித்துவிட்டது. குழந்தை போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே மாமியார், கையில் மோர்த் தம்ளர்.

"யாராவது வந்துவிட்டார்களா? நான் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று மேடம் கேட்டார்.

"போங்க மேடம். இது எங்க ஊட்டுச் சண்டை" என்று தமிழிலேயே சொன்னேன். அதுமட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது.

கார்க் கதவைத் திறந்தேன். மாமியாருக்கு முகம் வெளுத்திருந்தது. "இது பாடமில்லையா அம்மிணி?"

"இல்லீங்க அத்தை."

"அப்ப ஆருகிட்டப் பேசுன?"

"வெசனத்தைக் கேக்கறதுக்குன்னே ஒருத்தங்க இருக்காங்க. நீங்க ஆரும் கேக்கல, அவங்க கேட்டாங்க."

"கேட்டா நீ அழுவீன்னுதான் கேக்கல."

"அழுதா என்னங்க?"

நான் விடவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. உங்க மாமாவுக்குத்தான் தெரியும். பொம்பளைங்ககிட்டச் சொல்ல மாட்டாங்க" என்றார். அவரும் கேட்டதில்லையாம். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது, அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. சொந்தப் பேத்தி எங்கே கிடக்கிறாள் என்று ஒருத்தி கேட்காமலேயே இருந்திருக்கிறாள்.

மாமனார் தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதிக்கொண்டிருந்தார். நான் வேகமாகப் போனேன், மாமியார் தம்ளரோடு பின்னாலேயே வந்தார்.

"மாமா, பாப்பாவப் பொதச்ச எடத்தைக் காட்டுங்க."

எங்கள் வீட்டில் பாப்பா என்ற சொல்லை யாரும் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்த குழாய் நழுவிவிட்டது. "வேண்டாம் அம்மிணி. காட்டுனா நீ அங்கயே வந்து உக்காந்துக்குவ."

"உக்காருவனுங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். அப்புறம் முன்னால் நடந்தார். மேற்கே வாய்க்கால் ஓரம் கடைசி வரிசைக்குப் போய், ஒரு தென்னையிடம் நின்றார், அடுத்ததற்குப் போனார், திரும்பி வந்தார். பிறகு அந்த வரிசை முழுவதையும் கையால் காட்டினார். "இந்த வரிசைலதான். போன கோடைல குழாய் போட ஜேசிபி உட்டமில்ல, அடையாளம் போயிருச்சு. இங்கதான் எங்கியோ."

எங்கியோ. பக்கத்துத் தோப்புக்காரன் வரப்பை ஒரு சாண் நகர்த்திவிட்டான் என்று தாலுகா சர்வேயரைக் கூட்டிவந்து கல்லைத் தோண்டிக் காட்டியவர் இந்த மனிதர். எந்த மரம் எந்த வருஷம் வைத்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். என் மகளுக்கு மட்டும் எங்கியோ. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கல்யாணமாகி வந்ததில் இருந்து அவர் எதிரே நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் தனியாத்தான் கொண்டாந்தேன். துண்டோட ஒரு கட்டைப்பைல வச்சு, முன்சீட்டுல வச்சுட்டு ஓட்டியாந்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்க. பைல என்னன்னு கேட்டாங்க." துண்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "துணின்னு சொன்னேன்."

"தொறந்து பாத்தாங்களா?"

"இல்ல. போகச் சொல்லிட்டாங்க."

அவர் பொள்ளாச்சிச் சந்தைக்கு மீனாட்சிபுரம் சுற்றிக்கொண்டு போவதை நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். கோபாலபுரம் ரோடு குண்டும் குழியும் என்பார், அந்தச் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாமல்தான் என்று இப்போதுதான் புரிந்தது. எனக்கு இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. செக்போஸ்ட்டில் கேட்டவனுக்குத் துணி. பந்தியில் கேட்டவளுக்கு ஒண்ணுமில்லை. கேட்ட ஆட்களுக்கெல்லாம் இவர்கள் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"இப்ப நான் கேக்கறேன், சொல்லுங்க மாமா. பைல என்ன இருந்துச்சு?"

அவர் வாய் இரண்டு மூன்று தடவை அசைந்தது.

"எம்பட பேத்தி" என்றார்.

பின்னால் தம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. மாமியார் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, எழவு வீட்டில் அழுவதுபோல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் யாரையும் தேற்றப் போகவில்லை. அந்த வரிசையிலேயே, எந்த இடம் என்று தெரியாமல், மண்ணில் உட்கார்ந்தேன்.