கசிய விடுங்க பாய்

டிஷ்யூ தாளை மெல்லிய கீற்றாகக் கிழித்து எதிரிலிருப்பவரின் வாய்க்கு நேரே பிடித்தபடி, "காத்தை அடைச்சுறாதீங்க பாய், கசிய விடுங்க" என்கிறாள் பாண்டிச்செல்வி. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைச் சொல்லிவிடுவாள். கோரிப்பாளையத்தில் ஒரு மாடி அறை, ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி: அதுதான் அவளுடைய பேச்சுப் பயிற்சி நிலையம். பஸ் சத்தத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பாள். வெக்கையில் அவளும் வேகிறாள், வருகிறவர்களும் வேகிறார்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் உபைதுல்லா. பக்கத்துப் பள்ளிவாசலில் பதினெட்டு வருஷம் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைத்த மோதினார். பைக்கிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. இப்போது பல் செட் வைத்தாகிவிட்டது. ஆனால் பல் இல்லாத மாதங்களில் உதட்டை மூடியே பேசிப் பழகிய வாய் அந்தப் பழக்கத்தை விடுவேனா என்கிறது.

நாக்கு நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒட்டாமல் ஓர் இடுக்கு விட்டால் காற்று சீறிக்கொண்டு வரும், அதுதான் 'ஸ'. அது மூன்றாம் வாரமே வந்துவிட்டது. 'ஃப'தான் மல்லுக்கு நிற்கிறது. "உதடும் உதடும் ஒட்டுனா 'ப' ஆயிரும், தாளு வெடுக்குன்னு குதிக்கும். மேப்பல்லைக் கீழுதட்டுல லேசா வச்சு ஊதுங்க, நின்னு நடுங்கும். அம்புட்டுதான்."

அம்புட்டுதானாம்! கொட்டாம்பட்டிப் பக்கம் வயல்கூலிக்குப் போன அவள் குடும்பத்தில் 'ஃப' என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கல்லூரி முதல் நாளில் எழுந்து நின்று, "சார், பேன் ஓடல" என்றவள் அவள். "தலையில தேடிப் பாரு" என்றான் பின்வரிசையில் ஒருவன். அந்த வாரம் முழுக்க விடுதிக் குளியலறையில் உதட்டைக் கடித்துக் கடித்து ஊதிப் பழகினாள்.

அப்படிப்பட்டவளே தவறு செய்தாள். முதல் நாள் உபைதுல்லா சொல்ல வந்த 'ஃபலாஹ்', 'பலா' என்று விழுந்ததும், "பலாப்பழமா பாய்?" என்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"வெற்றிக்கு வாங்கன்னு ஜனங்களைக் கூப்புடுற வார்த்தைம்மா அது. உருதுல பலான்னா ஆபத்து. ஆபத்துக்கு வாங்கன்னு என் வாயால எப்படிம்மா கூப்புடுவேன்?"

ஏழு மாதமாக அவர் மைக் பக்கமே போகவில்லை. 

இன்று பத்துக்கு ஆறு தடவை தாள் நின்று நடுங்கியது. உபைதுல்லா எழுந்துவிட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு நாந்தாம்மா பாங்கு சொல்லப் போறேன்."

"இன்னும் ரெண்டு நாள் பாப்பமே பாய்."

"எம்புட்டு நாள்தாம்மா பாக்குறது?"

அவள் இன்னொரு கீற்றைக் கிழிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

சாயங்காலம் அவள் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. அவர் குரல்தான். தொழுகைக்கு வரச்சொல்லும் 'ஸலாஹ்' இரண்டு முறையும் சுத்தமாக வந்தது. பிறகு, அவள் பயந்துகொண்டிருந்த 'ஃபலாஹ்'. அதுவும் பழுதில்லாமல் வந்தது. ஆனால் அதை இன்னொரு முறை சொல்லியாக வேண்டும். சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். பாண்டிச்செல்வி வண்டியை எடுக்கவில்லை. மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.